வழக்காடும் உரிமை: இந்திய வழக்கறிஞர் தொழிலில் தடைகள் தளர்ந்த வரலாறு

நீதிமன்றத்தில் இன்னொருவருக்காக எழுந்து நின்று பேசும் உரிமை யாருக்கு உண்டு? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கடந்த முந்நூறு ஆண்டுகளில் பல விடைகள் தரப்பட்டுள்ளன. ஒரு காலத்தில் மதம் அந்த உரிமையைத் தீர்மானித்தது. பிறகு, இலண்டனுக்குப் போய்ப் படித்தவரா என்பது தீர்மானித்தது. ஆணா பெண்ணா என்பதும் நீண்ட காலம் தீர்மானித்தது. இன்று இந்தியக் குடிமகன் எவரும் சட்டப் பட்டம் பெற்று, மாநில வழக்கறிஞர் மன்றமாகிய பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வழக்காடலாம்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. ஒரே சட்டத்தாலும் வரவில்லை. பிறப்பை ஒட்டிய தடைகள் ஒவ்வொன்றாக நீங்கிய அதே காலத்தில், படிப்பையும் பணத்தையும் ஒட்டிய நிபந்தனைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இந்த வரலாற்றைப் படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விதிகள் இல்லாத காலம்

1726-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. இவற்றில் வழக்காடுவோருக்குத் தகுதி எதுவும் வரையறுக்கப்படவில்லை. சட்டம் படிக்காதவர்களே பெரும்பாலும் வழக்காடினர். வணிகத்தில் பழகியவர்களும் கும்பெனி வேலையிலிருந்து விலகியவர்களும் இத்தொழிலைச் செய்தனர்.

1774-இல் கல்கத்தாவில் உச்ச நீதிமன்றம் அமைந்தபோது நிலைமை மாறியது. வழக்காடுவோரைப் பதிவு செய்துகொள்ளும் அதிகாரத்தைச் சாசனம் அந்நீதிமன்றத்துக்கு அளித்தது. நடைமுறையில் இங்கிலாந்து, அயர்லாந்து பாரிஸ்டர்களும், ஸ்காட்லாந்து வழக்கறிஞர் குழுவினரும், அட்டர்னிகளும் மட்டுமே இடம் பெற்றனர். 1801-இல் சென்னையிலும் 1820-களில் பம்பாயிலும் உச்ச நீதிமன்றங்கள் தோன்றியபோது அதே வழக்கம் தொடர்ந்தது. சொந்த ஊரில் இருந்த நீதிமன்றத்தில் இந்தியர் வாதியாகலாம், பிரதிவாதியாகலாம், சாட்சியாகலாம், வழக்கறிஞராக முடியாது.

மதம் என்ற நிபந்தனை

நகரங்களுக்கு வெளியே கிழக்கிந்தியக் கும்பெனியின் அதாலத் நீதிமன்றங்கள் இயங்கின. அங்கு வாதாடியோர் வக்கீல்கள் எனப்பட்டனர். காரன்வாலிஸ் ஆட்சியில் வெளிவந்த 1793-ஆம் ஆண்டின் ஏழாம் வங்காள ஒழுங்குமுறைச் சட்டம் இத்தொழிலுக்கு முதல்முறையாக ஒழுங்கான வடிவம் கொடுத்தது. வக்கீல்களைச் சதர் திவானி அதாலத் நியமிக்கும். அவர்கள் பெறும் கட்டணத்தைச் சட்டமே நிர்ணயிக்கும். ஒழுங்கு தவறினால் நீக்கலாம். சென்னை மாகாணத்தில் 1802-இல் இதே போன்ற விதி வந்தது.

1793-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் மட்டுமே வக்கீல்களாக ஏற்றது. குடும்பம், வாரிசுரிமை, திருமணம் தொடர்பான வழக்குகளில் இந்துக்களுக்குச் சாத்திரங்களும் முஸ்லிம்களுக்கு ஷரியத்தும் பொருந்தும் என்பது கும்பெனியின் கொள்கை. அச்சட்டங்களை அறிந்தவர்களே வாதாட வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆயினும் நடைமுறையில் இது ஒரு மதத் தடையாகவே நின்றது. கிறித்தவர், பார்சி, யூதர் போன்றோர் எவ்வளவு படித்திருந்தாலும் அச்சட்டத்தின்படி வக்கீலாக இயலாது.

வங்காளத்தில் 1833-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் ஒழுங்குமுறைச் சட்டம் இத்தடையை நீக்கியது. 1846-ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது. எந்த நாட்டினரும் எந்த மதத்தினரும், உரிய தகுதிச் சான்று பெற்றிருந்தால் கும்பெனி நீதிமன்றங்களில் பிளீடராகலாம் என்று அது அறிவித்தது. கட்டணத்தை வக்கீலும் கட்சிக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ளவும் அது வழிவிட்டது. பிறப்பை ஒட்டிய நிபந்தனை ஒன்று விலகி, அதன் இடத்தில் தகுதிச் சான்று என்ற புதிய நிபந்தனை வந்தது. இந்திய வழக்கறிஞர் தொழிலின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த மாதிரியே திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

பாரிஸ்டரும் வக்கீலும்

1846, 1853 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் உச்ச நீதிமன்றப் பாரிஸ்டர்கள் கும்பெனி நீதிமன்றங்களிலும் வாதாடும் உரிமை பெற்றனர். அட்டர்னிகளுக்கும் 1853-இல் அந்த உரிமை கிடைத்தது. ஆனால் கும்பெனி நீதிமன்ற வக்கீல் உச்ச நீதிமன்றத்துக்குள் நுழைய முடியவில்லை. கதவு ஒரு பக்கமாகவே திறந்தது.

1862-இல் உச்ச நீதிமன்றங்களும் சதர் அதாலத்துகளும் இணைக்கப்பட்டு, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் உயர் நீதிமன்றங்கள் தோன்றின. அட்வகேட், வக்கீல், அட்டர்னி என்ற மூவகையினரையும் பதிவு செய்துகொள்ள அவற்றுக்கு அதிகாரம் கிடைத்தது. ஆயினும் உயர் நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு சுவர் எழுந்தது. மாவட்டங்களிலிருந்து வரும் மேல்முறையீடுகளில் வக்கீல்கள் வாதாடலாம். நகர எல்லைக்குள் எழும் பெரிய வணிக, சொத்து வழக்குகள் நேரடியாகத் தாக்கலாகும் அசல் வழக்குப் பிரிவு, கல்கத்தாவிலும் பம்பாயிலும் பாரிஸ்டர்களின் தனி உரிமையாக இருந்தது. வருமானம் மிகுந்த வழக்குகள் அங்கேதான் இருந்தன. பாரிஸ்டராக வேண்டுமானால் கடல் கடந்து இலண்டனில் சில ஆண்டுகள் தங்கிப் படிக்க வேண்டும். ஞானேந்திர மோகன் தாகூர் 1862-இல் இந்தியாவின் முதல் பாரிஸ்டரானார். அப்படிப் போகப் பணமும், கடல் தாண்டக் கூடாது என்ற சமூகக் கட்டுப்பாட்டை மீறும் துணிவும் தேவைப்பட்டன.

சென்னை இதில் வேறுபட்டு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தன் தொடக்க ஆண்டுகளிலேயே வக்கீல்களை அசல் பிரிவிலும் அனுமதித்தது. அட்டர்னிகள் இதை எதிர்த்து மனுச் செய்தனர். 1870-களில் அந்த மனு தோற்றது. இதன் விளைவு பெரிது. இலண்டனுக்குப் போகாமல் சென்னையிலேயே சட்டம் படித்த வக்கீல்கள் தொழிலின் உச்சிக்கு உயர்ந்தனர். வக்கீலாகத் தொழில் நடத்திய வெ. பாஷ்யம் ஐயங்கார் 1890-களின் இறுதியில் சென்னையின் அட்வகேட் ஜெனரல் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார்.

இந்தக் காலத்தில் நுழைவு வழி எவ்வளவு எளிமையாக இருந்தது என்பதற்குத் திருவாரூர் முத்துசாமி ஐயர் ஓர் எடுத்துக்காட்டு. இளமையிலேயே தந்தையை இழந்து, கிராமக் கணக்குவேலையில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு உதவியாளராக இருந்தவர் அவர். வட்டாட்சியர் ஒருவரின் ஆதரவால் சென்னையில் படித்து, 1856-இல் பிளீடர் தேர்வில் வென்றார். தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகமே அதற்கடுத்த ஆண்டில்தான் தோன்றியது. பணியில் இருந்துகொண்டே பின்னர் அவர் சட்டப் பட்டம் பெற்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். பட்டம் இல்லாமல் தேர்வு மட்டும் எழுதி நீதித்துறைக்குள் நுழையும் வழி அன்று இருந்தது.

ஆறு வகுப்புகள்

1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழிலாளர் சட்டம் இத்தொழிலை நாடு முழுவதும் ஒரே கட்டமைப்புக்குள் கொண்டுவர முயன்றது. அதன் பிறகு ஆறு வகுப்பினர் காணப்பட்டனர். அட்வகேட், அட்டர்னி, வக்கீல் ஆகிய மூவரும் உயர் நீதிமன்றத்தைச் சேர்ந்தவர்கள். பிளீடர், முக்தியார், வருவாய் முகவர் ஆகிய மூவரும் கீழமை நீதிமன்றங்களையும் வருவாய்க் கச்சேரிகளையும் சேர்ந்தவர்கள்.

இது ஓர் ஏணி. மேல்படியில் நின்றவர் கீழே இறங்கி எங்கும் வாதாடலாம். கீழ்ப்படியில் நின்றவர் மேலே ஏற முடியாது. ஆனால் கீழ்ப்படிகள் சிற்றூர் மக்களுக்கு அருகில் இருந்தன. பட்டம் பெறாதவர்களும் தேர்வு எழுதி அப்படிகளில் ஏறினர். வ. உ. சிதம்பரம் பிள்ளை இவ்வாறு 1890-களில் பிளீடர் தேர்வில் வென்று ஓட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கியவர்.

‘நபர்’ என்ற சொல்லுக்குள் பெண் அடங்குவாளா?

1879-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்கள் வழக்கறிஞராகக் கூடாது என்று ஒரு வரியும் இல்லை. தகுதியுள்ள ‘நபர்கள்’ என்றே சட்டம் பேசியது. தடை சட்டத்தின் எழுத்தில் இல்லை. அதை வாசித்த விதத்தில் இருந்தது.

இத்தடையை நெடுங்காலம் எதிர்கொண்டவர் கார்னீலியா சொராப்ஜி. நாசிக்கில் 1866-இல் பிறந்த இவர், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து 1892-இல் தேர்வில் வென்றார். பெண்களுக்கு அப்பல்கலைக்கழகம் பட்டம் வழங்காததால், அந்தப் பட்டத்தை அவர் 1922-இல்தான் பெற முடிந்தது. இந்தியா திரும்பிப் பம்பாயில் சட்டப் பட்டமும் பெற்றார். அலகாபாத்தில் வக்கீல் தேர்விலும் வென்றார். ஆயினும் பதிவு கிடைக்கவில்லை.

அவருடைய கோரிக்கைக்குப் பின்னால் ஒரு நடைமுறைத் தேவை இருந்தது. கோஷா முறையில் வாழ்ந்த ஜமீன் குடும்பத்து விதவைகள் பலருக்குப் பெருஞ்சொத்து இருந்தது. ஆனால் அயல் ஆணுடன் பேசக் கூடாது என்ற வழக்கத்தால் அவர்கள் வக்கீலைச் சந்திக்கவே முடியவில்லை. சொத்தை நிர்வகித்த உறவினரோ கணக்குப்பிள்ளையோ சொன்னதே அவர்களுக்குச் சட்டமாயிற்று. 1904-இல் வங்காள அரசு சொராப்ஜியைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் துறையில் பெண்களுக்கான சட்ட உதவியாளராக நியமித்தது. அரசுக்கு அவருடைய சட்ட அறிவு தேவைப்பட்டது. நீதிமன்றம் மட்டும் அவரை வழக்கறிஞராக ஏற்கவில்லை.

1916-இல் கேள்வி நேரடியாக நீதிமன்றத்தின் முன் வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்ற ரெஜினா குஹா, அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். விண்ணப்பம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட முழு அமர்வுக்குச் சென்றது. ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்பாலையும் குறிக்கும் என்று பொது விதிகள் சட்டம் கூறுவதால், 1879-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் பொருந்தும் என்பது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் தொடங்கி 1879 வரை எந்தச் சட்டமும் பெண் வக்கீலை மனத்தில் கொள்ளவில்லை என்றும், அதுவரை எந்தப் பெண்ணும் வக்கீலாக இருந்ததில்லை என்றும் நீதிபதிகள் கூறி, விண்ணப்பத்தை மறுத்தனர். அதாவது, இதுவரை இருந்ததில்லை என்பதே இனியும் இருக்கக் கூடாது என்பதற்குக் காரணமாயிற்று. இங்கிலாந்திலும் இதே காலத்தில் பெண்கள் சொலிசிட்டராவதை நீதிமன்றம் இதே முறையில் மறுத்திருந்தது.

ரெஜினா குஹா சட்டம் மாறுவதைக் காணாமல் இளம் வயதிலேயே காலமானார். டில்லியில் லேடி இர்வின் கல்லூரியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹன்னா சென் இவருடைய சகோதரி.

இங்கிலாந்து நாடாளுமன்றம் 1919-இல் பாலினத் தகுதியின்மையை நீக்கும் சட்டத்தை இயற்றியது. 1921-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொராப்ஜியை வக்கீலாகப் பதிவு செய்துகொண்டது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பாட்னா உயர் நீதிமன்றம் சுதான்சுபாலா ஹாஸ்ராவின் விண்ணப்பத்தை மறுத்தது. கல்கத்தா முழு அமர்வின் தீர்ப்பு தங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று அந்நீதிமன்றம் கருதியது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், கங்கைக் கரையின் ஒரு நகரத்தில் பெண் வழக்கறிஞராகலாம், இன்னொரு நகரத்தில் ஆக முடியாது என்ற நிலை ஏற்பட்டது.

1923-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்னும்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மத்திய சட்டமன்றம் தலையிட்டது. ஹரி சிங் கௌர் இதற்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார். 1923 ஏப்ரலில் சட்டத் தொழிலாளர் (பெண்கள்) சட்டம் நிறைவேறியது. மிகச் சிறிய சட்டம் அது. பெண் என்ற காரணத்தால் மட்டும் எவரும் வழக்கறிஞராகப் பதிவு செய்வதிலிருந்தோ தொழில் நடத்துவதிலிருந்தோ விலக்கப்படக் கூடாது என்பதே அதன் சாரம்.

அதே ஆண்டில் மிதன் டாட்டா இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகித் திரும்பி, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் நடத்திய முதல் பெண்ணானார். சென்னை உயர் நீதிமன்றத்தில் 1929-இல் பி. ஆனந்தாபாய் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். திருவிதாங்கூரில் அதே காலத்தில் தொழில் தொடங்கிய அன்னா சாண்டி 1937-இல் முன்சீப்பாகவும், 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனார். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண் இவரே. உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி வந்தது 1989-இல். 1923-க்கும் 1989-க்கும் இடையே 66 ஆண்டுகள்.

இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். சட்டம் பதிவுப் புத்தகத்தைத் திறந்தது. ஆனால் கட்சிக்காரர் வழக்கைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் வழக்கறிஞருக்குத் தொழில். மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர இடம் வேண்டும். இவை எந்தச் சட்டத்தாலும் உடனே கிடைப்பவை அல்ல. 1924-இல் கல்கத்தாவில் தொழில் தொடங்கிய சொராப்ஜிக்கு அப்போது வயது 57. அவர் படித்துத் தேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பறிக்கப்பட்ட சன்னது

நுழைவது ஒரு போராட்டம் என்றால், நுழைந்தபின் நிலைத்திருப்பது இன்னொன்று. வழக்கறிஞருக்கு அளிக்கப்படும் உரிமப் பத்திரம் சன்னது எனப்பட்டது. அதை வழங்கும் அதிகாரமே அதைப் பறிக்கும் அதிகாரமும் ஆகும்.

1908-இல் அரச நிந்தனைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வ. உ. சி. தம் சன்னதை இழந்தார். 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவரிடம் கப்பலும் இல்லை, தொழிலும் இல்லை. நூற்றுக்கணக்கானோருக்கு வாழ்வு கொடுத்தவர் சென்னையில் வறுமையில் உழன்றார். வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பின்னர் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் மீண்டும் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார்.

மகாத்மா காந்தியின் பெயரையும் இலண்டன் இன்னர் டெம்பிள் 1922-இல் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அதுவும் அரச நிந்தனைத் தண்டனையின் விளைவே. 1988-இல், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, அப்பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது.

ஆறு வகுப்பிலிருந்து ஒரே வகுப்புக்கு

வக்கீலுக்கும் பாரிஸ்டருக்கும் இடையே இருந்த வேறுபாட்டை ஆராய 1923-இல் சர் எட்வர்டு சேமியர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1926-இல் இந்தியப் பார் கவுன்சில்கள் சட்டம் வந்தது. உயர் நீதிமன்ற வக்கீல்களும் அட்வகேட் என்ற ஒரே பெயருக்குள் வந்தனர். ஆயினும் கல்கத்தா, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் தங்கள் அசல் பிரிவில் யார் வாதாடலாம் என்பதைத் தாமே முடிவு செய்யும் அதிகாரத்தைத் தக்கவைத்துக்கொண்டன.

விடுதலைக்குப் பிறகும் இந்தச் சுவர் உடனே விழவில்லை. உச்ச நீதிமன்ற அட்வகேட்டாகப் பதிவு பெற்றவர் கல்கத்தாவின் அசல் பிரிவில் வாதாடலாமா என்ற வழக்கு 1952-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சென்னையில் வழக்கறிஞராக வளர்ந்த தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி உள்ளிட்ட பெரும்பான்மை நீதிபதிகள், வாதாடலாம் என்று தீர்ப்பளித்தனர்.

நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையிலான அகில இந்திய பார் குழு 1953-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1961-இல் வழக்கறிஞர்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நாட்டில் சட்டத் தொழில் செய்யத் தகுதி பெற்றவர் ஒரே வகுப்பினர். அவர் பெயர் அட்வகேட். இந்தியக் குடிமகனாக இருத்தல், 21 வயது நிறைதல், சட்டப் பட்டம் பெற்றிருத்தல் ஆகியவை அடிப்படைத் தகுதிகள். மூத்த வழக்கறிஞர், ஏனைய வழக்கறிஞர் என்ற பாகுபாடு மட்டும் நிலைத்தது. 1976-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அட்டர்னிகள் என்ற தனி வகுப்பும் ஒழிந்தது. வழக்கறிஞர் எவரும் நாட்டின் எல்லா நீதிமன்றங்களிலும் தொழில் நடத்தலாம் என்று கூறும் முப்பதாவது பிரிவு 2011 ஜூன் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் பிறப்பு, ஊர், படித்த நாடு ஆகியவற்றை ஒட்டிய படிநிலைகளை நீக்கியது. ஆனால் பிளீடர், முக்தியார் என்ற கீழ்ப்படிகளும் அதனுடனேயே மறைந்தன. ஏற்கெனவே அத்தொழிலில் இருந்தவர்களுக்கு மட்டும் உரிமை காக்கப்பட்டது. புதிதாக எவரும் அவ்வழியில் வர முடியாது. மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளம் வாங்கிய சிறுவன் தேர்வு எழுதி நுழைந்த வாசல் அது.

வயது, பாலினம், கட்டணம்

1961-க்குப் பிறகு எழுந்த கேள்விகள் பெரும்பாலும் பார் கவுன்சில்கள் விதித்த நிபந்தனைகளைப் பற்றியவை. 45 வயதைக் கடந்தவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று இந்தியப் பார் கவுன்சில் 1993-இல் விதி செய்தது. ஓய்வுபெற்றபின் இத்தொழிலுக்கு வருபவர்களைத் தடுப்பது அதன் நோக்கம். கவுன்சிலுக்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்றும், விதி சமத்துவத்துக்கு மாறானது என்றும் கூறி உச்ச நீதிமன்றம் 1995-இல் அதை நீக்கியது. ஆனால் எல்லாத் தடைகளும் நீங்கவில்லை. மருத்துவத் தொழிலைத் தொடர்ந்துகொண்டே வழக்கறிஞராகவும் பதிவு செய்ய விரும்பிய மருத்துவர் ஒருவரின் கோரிக்கையை 1996-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கறிஞர் தொழிலுக்கு முழு நேரமும் தேவை என்பது அதன் கருத்து.

திருநர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் பிறகு 2018-இல் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் சத்தியஸ்ரீ சர்மிளா பதிவு செய்து, இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞரானார். 1916-இல் ‘நபர்’ என்ற சொல்லைச் சுற்றி நடந்த விவாதத்தின் தொடர்ச்சியாக இதைக் காணலாம்.

மூன்றாவது தடை பணம். வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். ஆனால் மாநிலப் பார் கவுன்சில்கள் நூலகம், நல நிதி, அடையாள அட்டை எனப் பல தலைப்புகளில் சேர்த்து வசூலித்ததால், பல மாநிலங்களில் மொத்தத் தொகை 15,000 ரூபாயையும் தாண்டியது. முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து, ஜூனியராகச் சில ஆண்டுகள் சொற்ப வருமானத்தில் இருக்கப் போகும் ஒருவருக்கு இது சிறிய தொகை அன்று. சட்டம் கூறும் தொகைக்கு மேல் பதிவுக்காக வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. வெளிப்பார்வைக்கு நடுநிலையாகத் தெரியும் கட்டணம், விளிம்பில் உள்ளவர்களையே அதிகம் பாதிக்கிறது என்பதையும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

பட்டம் பெற்றோர் எழுத வேண்டிய அகில இந்தியப் பார் தேர்வு 2010 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய தேர்வு நடத்த இந்தியப் பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று 2023-இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. வெளிநாட்டு வழக்கறிஞர்களைப் பற்றிய கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழுந்தது. அவர்கள் இந்தியாவில் தொழில் நடத்த முடியாது, ஆனால் தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை கூற அவ்வப்போது வந்து செல்லலாம் என்ற நிலைப்பாட்டை 2018-இல் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் ஏற்றது. 2023-இல் பார் கவுன்சில், நீதிமன்ற வழக்கு அல்லாத பணிகளில் அவர்களை வரம்புடன் அனுமதிக்கும் விதிகளை வெளியிட்டது.

வழக்கறிஞர் அல்லாதோர் பேசும் இடங்கள்

இந்தியச் சட்டம் வழக்காடுவதை வழக்கறிஞருக்கு மட்டுமே ஒதுக்கிவிட்டது என்று எண்ணுவது தவறு. தம் வழக்கைத் தாமே நடத்தும் உரிமை எவருக்கும் உண்டு. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, குறிப்பிட்ட வழக்கில் பதிவு பெறாத ஒருவரையும் வாதாட அனுமதிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளிக்கிறது.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தொழிலாளிக்காகத் தொழிற்சங்க நிர்வாகி பேச வழிசெய்தது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தோன்ற வேண்டுமானால் எதிர்த் தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும் என்றும் அது கூறியது. பெரிய வழக்கறிஞரை அமர்த்தும் வசதி முதலாளிக்கு மட்டுமே இருக்கும் என்பதே இதன் காரணம். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின்படி, வழக்கறிஞர் மூலம் தோன்றுவதை யாரும் உரிமையாகக் கோர முடியாது. நுகர்வோர் மன்றங்களில் வழக்கறிஞர் அல்லாத பிரதிநிதிகளும் தோன்றலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வரலாறு காட்டுவது

மூன்று உண்மைகள் இந்த வரலாற்றில் தெளிவாகின்றன. முதலாவது, தடைகள் பல சமயம் சட்ட வாசகத்தில் இல்லாமல் வழக்கத்தில் இருந்தன. ‘நபர்’ என்ற சொல் 1916-இலும் அதே சொல்தான்; அதை வாசித்தவர்கள் அதற்குள் பெண்ணைக் காணவில்லை. இரண்டாவது, நீதிமன்றங்கள் தயங்கிய இடங்களில் சட்டமன்றங்கள் திறந்தன. பார் கவுன்சில் அடைத்த இடங்களில் நீதிமன்றங்கள் திறந்தன. தொழிலில் உள்ளவர்களே தொழிலின் வாசலைக் காக்கும்போது, வெளியிலிருந்து ஒருவர் தட்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, ஒரு கதவு திறக்கும்போது வேறொன்று மூடப்படலாம். 1850-களில் ஏழைச் சிறுவன் ஒருவன் தேர்வு எழுதி நீதித்துறைக்குள் நுழைய முடிந்தது. ஆனால் அவனுடைய சகோதரியால் முடியாது. இன்று அந்தச் சகோதரி நுழையலாம். ஆனால் இருவருக்குமே ஐந்தாண்டுப் படிப்போ, ஒரு பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்போ வேண்டும். பிறகு தேர்வும், வருமானம் இல்லாத தொடக்க ஆண்டுகளும் உள்ளன. கட்சிக்காரரைப் பாதுகாக்கத் தகுதி நிபந்தனைகள் தேவை என்பதில் ஐயமில்லை. எந்த நிபந்தனை கட்சிக்காரரைப் பாதுகாக்கிறது, எது தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களை மட்டும் பாதுகாக்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கேட்க வேண்டியுள்ளது.